மூன்று நிமிடம் பேச வருகிறவர்களுக்கு

சாண்டா கிளாரா கவுண்டியில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

போன வாரம் நம் பேட்டை வாட்ஸ்அப் குழுவில் நகராட்சி அறிவிப்பு ஒன்றின் படம் வந்தது. பழைய கடை வரிசையை இடித்துவிட்டு அங்கே ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்களாம். அதன் கீழே ஒருவர், "ஏற்கெனவே டிராஃபிக் தாங்கல. இதுவும் வந்தா வாசல்லேர்ந்து வண்டியை எடுக்கவே முடியாது. செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க, ஆளுக்கு மூணு நிமிஷம் பேசுங்க" என்று எழுதியிருந்தார். இரவுக்குள் கட்டைவிரல்கள் குவிந்துவிட்டன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "அண்ணே, நீங்க வர்றீங்கல்ல?" என்று தனியாகக் கேட்டவர்களுக்கும் பதில் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற சமாச்சாரமாக எனக்குத் தோன்றாததால் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதே மூன்று நிமிடத்தை நானும் ஒருமுறை பேசியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன், இதே கவுண்டியில் வேறொரு ஊரில், வேறொரு அடுக்குமாடிக்கு எதிராக. கையில் கணக்கு இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது நம் ஆட்களுக்கு உள்ள வியாதி. அதனால் இரண்டு நாள் காலையில் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனை சிக்னலில் உட்கார்ந்தேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று பால் கணக்கு எழுதுவதுபோல நோட்டில் வண்டிகளை எண்ணினேன். நேரே போகிறவை, இடம் திரும்புகிறவை, ஃப்ரீவே ராம்புக்குப் போகிறவை என்று தனித்தனி பத்தி.

எண்ணும்போதே ஒன்று உறுத்தியது. எட்டு மணியை ஒட்டி நீண்ட வரிசையில் பாதி முகங்கள் எனக்குத் தெரிந்தவை. பின் இருக்கையில் பிள்ளை, மடியில் சிற்றுண்டி டப்பா. என் வீட்டுக் கார்கூட அதில் இருந்தது. என் மனைவி கண்ணாடியை இறக்கி, "வேலையத்து உக்காந்திருக்கீங்களே, வெயில் தொப்பியாவது போட்டுக்கக் கூடாதா" என்று கேட்டுவிட்டுப் போனாள். பள்ளி மணி அடித்துக் கால் மணி நேரத்தில் வரிசை கரைந்துவிட்டது. அடுக்குமாடி இன்னும் வரவேயில்லை, நெரிசல் எங்களுடையது. கூட்டத்தில் இதைச் சொல்லவில்லை. மொத்த வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி, "இதற்கு மேல் ஒரு கார்கூடத் தாங்காது" என்று முடித்தேன். கைதட்டினார்கள். அந்தத் திட்டம் மாடி குறைந்து, வீடு குறைந்து, கடைசியில் அலுவலகக் கட்டடமாக எழுந்தது.

அடுத்த வருடம் ஆபீஸில் என் குழுவில் இருந்த ஒரு பையன் மலைக்கு அப்பால் டிரேசியில் வீடு வாங்கினான். இங்கே வாங்க முடியவில்லை, குழந்தை பிறக்கப்போகிறது. விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி ஆல்டமாண்ட் கணவாய் ஏறி, 680 ஃப்ரீவேயில் இறங்கி, ஐம்பது மைலுக்கு மேல் ஓட்டி வருவான். ஒருநாள் கேண்டீனில் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நான் எண்ணாமல் விட்ட கார் எது என்று புரிந்தது. நான் தடுத்த வீடுகளில் ஒன்றில் அவன் குடியிருந்தால் பத்து நிமிடம் சைக்கிள் மிதித்து வந்திருப்பான். தடுத்ததால் அவன் வராமல் போய்விடவில்லை. ஐம்பது மைல் சாலையை அடைத்துக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கவுண்டி தன் சாலைகளை எப்படி எண்ணுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன். எண்களோடு பிழைப்பு நடத்துகிற உங்களுக்கும் இது பிடிக்கும் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

ஃப்ரீவேயில் தாரை அறுத்து, உள்ளே எதையோ புதைத்து மூடியதுபோல வட்டத் தழும்புகள் தெரியும், கவனித்திருப்பீர்கள். அவை கம்பிச் சுருள்கள். மேலே ஒரு வண்டியின் இரும்பு வந்து நின்றால் சுருளின் மின்தூண்டல் மாறும். ஒரு வண்டி என்று பதிவாகும். மாநிலம் முழுக்க இப்படிப் பல்லாயிரம் சுருள்கள் முப்பது விநாடிக்கு ஒருமுறை எண் அனுப்புகின்றன. 1990-களின் கடைசியில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் பிரவீண் வரையாவின் குழு, மாநிலப் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்து இந்த எண்களையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்துவைத்தது. பெம்ஸ் என்று அதற்குப் பெயர். கணக்கு தொடங்கிவிட்டால் யார் வேண்டுமானாலும் நேற்றுக் காலை எட்டு மணிக்கு 85-ல் ஒரு லேனில் எத்தனை வண்டி போயிற்று என்று பார்க்கலாம். சில சுருள்கள் செத்துக் கிடக்கும். அவற்றின் இடத்தில் ஊகத்தால் நிரப்பிய எண் இருக்கும். லாக் ஃபைலில் ஓட்டை பார்த்துப் பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

கவுண்டிக்கென்று ஒரு பழைய முறையும் இருந்தது. 1990-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 111-ஆம் முன்மொழிவை ஒட்டி, நகர்ப்புறக் கவுண்டி ஒவ்வொன்றும் நெரிசல் மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றானது. இங்கே அந்த வேலை கவுண்டியின் போக்குவரத்து அமைப்பான விடிஏவிடம் வந்தது. அவர்கள் சிறு விமானத்தை மேலே அனுப்பி, ஃப்ரீவேயைப் படம் எடுத்து, ஒரு மைலுக்கு ஒரு லேனில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணி மதிப்பெண் போட்டார்கள். ஏ முதல் எஃப் வரை, பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல. பிறகு போனை வைத்தே எண்ணும் முறை வந்தது. 2008 பிப்ரவரி 8 அன்று, பக்கத்துக் கவுண்டியில் 880 ஃப்ரீவே மீது பெர்க்கிலி ஆட்களும் நோக்கியாவும் நூறு கார்களை ஓடவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு என்95 போன். மொத்த வண்டிகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான போன்கள் இருந்தாலே முழு ஓட்டத்தையும் ஊகிக்கலாம் என்று அன்று தெரிந்தது. இன்று உங்கள் போன் மேப்பில் சிவப்புக் கோடு வருகிறதே, அந்தக் கோட்டை வரைகிறவர்களில் நீங்களும் ஒருவர்.

இப்படிச் சேர்ந்த எண்கள் சொல்லும் கதை எளிமையானது. தெற்கே ஆல்மடன், பிளாசம் ஹில், எவர்கிரீன், மார்கன் ஹில் பக்கம் வீடுகள். வடக்கிலும் மேற்கிலும் மவுண்டன் வியூ, பாலோ ஆல்டோ, சன்னிவேல், குப்பர்டினோ பக்கம் வேலைகள். காலையில் 85, 87, 101, 280 எல்லாம் வடக்கு நோக்கி அடைபடும். மாலையில் தெற்கு நோக்கி. சான் ஹோசே அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று. ஆனால் பொழுது விடிந்தால் அதன் ஆட்கள் வெளியே போய்விடுகிறார்கள். நகரமே ஒரு படுக்கையறை. நீங்கள் 85-ல் வடக்கே ஊர்ந்துகொண்டிருக்கும்போது தடுப்புச் சுவருக்கு அப்பால் பாருங்கள். தெற்கு நோக்கிய லேன்கள் துடைத்துவிட்டதுபோல இருக்கும். "ரோடு பத்தலை" என்று நாம் சொல்லும் அதே நிமிடத்தில் பாதி ரோடு சும்மா கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிவர்மோர் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பாதியும் தெரியும். 680-ல் சுனோல் மேட்டுக்கு முன்னால் ஏறக்குறைய அப்படியே நிற்போம். "என்னடா இது, எல்லாரும் கோவிலுக்கா போறாங்க" என்று நாம் சிரிப்பதுண்டு. அவர்கள் டிரேசிக்கும் ஸ்டாக்டனுக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள். தெற்கே 152-ல் பச்செகோ கணவாய் தாண்டி லாஸ் பானோஸ் போகிறவர்கள் வேறு. ஸ்டாக்டனிலிருந்து சான் ஹோசேக்கு 1998 முதல் ஒரு ரயிலே ஓடுகிறது. ஒரு கவுண்டிக்கு வேலைக்கு வர மலை தாண்டி ரயில் விட வேண்டியிருந்தது என்றால் நெரிசல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்.

சரி, ரோட்டை அகலமாக்கினால் என்ன? வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் இதைக் கேட்டிருந்தார்கள், அதில் ஒருவர் பெரிய கம்பெனியில் சர்வர் கொள்ளளவு பார்க்கிறவர். அவருக்கே தெரிந்த கணக்குதான். ஒரு லேன் மணிக்குச் சுமார் 2,000 வண்டி கடத்தும். அதற்குக் கீழே இருக்கும்வரை எல்லாம் சுகம். எல்லையை நெருங்கிவிட்டால் கொஞ்சம் கூடினாலும் வரிசை வால் நீளும். வரையாவின் எண்கள் காட்டிய இன்னொரு விஷயம்: சாலை அதிகபட்ச வண்டிகளைக் கடத்துவது அறுபது மைல் வேகத்தில் சீராக ஓடும்போதுதான். வேகம் உடைந்துவிட்டால் அதே சாலை முன்பைவிடக் குறைவாகவே கடத்தும். ராம்பில் சிக்னல் வைத்து, ஒரு பச்சைக்கு ஒரு கார் என்று உங்களை நிறுத்திவைப்பது அந்த உடைவைத் தள்ளிப்போடத்தான். விபத்தோ பள்ளமோ காரணமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஜப்பானில் சுகியாமா குழு 2008-ல் வெளியிட்ட சோதனையில், 230 மீட்டர் வட்டத்தில் 22 கார்கள் ஒரே வேகத்தில் ஓடச் சொல்லப்பட்டன. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் லேசாகப் பிரேக் மிதித்ததில் அலை எழுந்து பின்னோக்கி நகர ஆரம்பித்தது. தடை எதுவுமே இல்லாத வட்டத்தில் டிராஃபிக் ஜாம்.

அப்படியானால் லேனைக் கூட்டினால் கொள்ளளவு கூடுமே என்பீர்கள். கூடும். நம் ஊர் வீட்டுப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்று இன்னொரு பரண் கட்டினால் ஆடி மாதத்துக்குள் அதிலும் அண்டாவும் பழைய மெத்தையும் ஏறியிருக்கும். அந்தோணி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் 1962-லேயே எழுதினார்: உச்ச நேரத்தில் ஃப்ரீவே நெரிசல், எவ்வளவு அகலமாக்கினாலும், பழைய அளவுக்கே எழும்பிவரும். முன்பு ஆறு மணிக்கே கிளம்பியவர் ஏழரைக்குக் கிளம்புவார், குறுக்குத் தெருவில் போனவர் ஃப்ரீவேக்கு வருவார், ரயிலில் போனவர் காரெடுப்பார். 2011-ல் டுரான்டன், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க நகரப் பகுதிகளின் எண்களை வைத்துப் பார்த்தபோது, லேன் எந்த விகிதத்தில் கூடியதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் ஓடிய மைல்களும் கூடியிருந்தன. நம் 85 முழுதாகத் திறந்தது 1994-ல். திறந்த புதிதில் ஓட்டியவர்களைக் கேட்டால் கண்ணில் ஒரு ஏக்கம் வரும். இன்று அது எப்படி இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கவுண்டியே 1961-ல் கடன் பத்திரத்துக்கு வாக்குக் கேட்டுக் கட்டத் தொடங்கிய எக்ஸ்பிரஸ்வேக்கள், லாரன்ஸ், மான்டேக், சான் டோமஸ் எல்லாம், அகலத்துக்குக் குறைவில்லாதவை. அவற்றில் மாலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள்.

நெரிசல் மறைந்துபோன ஒரு காலமும் நமக்கு நினைவிருக்கிறது. 2020 மார்ச் 16 அன்று ஆறு கவுண்டிகள் வீட்டோடு இருக்க உத்தரவிட்டன. மறுநாள் முதல் 101 காலியாகக் கிடந்தது. ஒரு லேன்கூடப் புதிதாகப் போடவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரம் மட்டும் இல்லாமல் போனது. பிறகு ஆபீஸ் கூப்பிட்டபோது நெரிசல் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளில் குவிந்தது.

இப்போது அடுக்குமாடிக்கு வருகிறேன். இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஆப்ரிகாட்டும் பிளம்ஸும் செர்ரியும் விளைந்த தோட்டம். தோட்டத்தை வெட்டி அலுவலகம் கட்டினோம், அதற்கு ஏற்ற வீடு கட்டவில்லை. பாலோ ஆல்டோவில் வேலைக்குப் போகும் குடியிருப்பாளர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வேலைகள் இருக்கின்றன. 1978-ல் வந்த 13-ஆம் முன்மொழிவு இதற்கு உரம் போட்டது. வீடு கைமாறும்வரை வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதனால் நகராட்சிகளுக்கு வீட்டைவிடக் கடையும் ஆபீஸும் லாபமாகத் தெரிந்தன. நமக்கும் அதே கதைதான். ஒருவர் எவர்கிரீனில் இருபது வருடத்துக்கு முன் வீடு வாங்கினார். வேலை மவுண்டன் வியூவுக்கு மாறிவிட்டது. வீட்டை விற்று அங்கே போகலாமா என்று கணக்குப் போடுவார், புது வரி பில்லைப் பார்ப்பார், காரில் ஏறிவிடுவார். இதைப் பேராசை என்று சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்தேன்.

குப்பர்டினோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஆப்பிள் பார்க் திறந்தது. சுமார் 12,000 பேர் வேலை செய்ய, சுமார் 11,000 கார் நிறுத்த இடத்தோடு. 280-க்கு அந்தப் பக்கம், உல்ஃப் ரோட்டில், நடந்துபோகும் தூரத்தில் வால்கோ மால் காற்றாடிக்கொண்டிருந்தது. அங்கே என்ன கட்டலாம் என்று 2016-ல் இரண்டு எதிரெதிர் முன்மொழிவுகள் வாக்குக்கு வந்து இரண்டுமே தோற்றன. 2018-ல் புதிய மாநிலச் சட்டத்தின்கீழ் சுமார் 2,400 வீடுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. வழக்கு போட்டார்கள், 2020-ல் நீதிமன்றம் ஒப்புதலை ஏற்றது. பிறகும் வெவ்வேறு காரணங்களால் மால் இடித்த மண் வருடக்கணக்கில் வெறும் மண்ணாகவே கிடந்தது. ஆபீஸுக்கு எதிரே வீடு. நம்மில் பலர் அந்த எதிர்ப்பு மனுக்களில் கையெழுத்துப் போட்டவர்கள், காரணம் என்று எழுதியது ஒரே சொல்: டிராஃபிக்.

அந்தச் சொல்லுக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது என்பதுதான் எனக்கு மிகவும் வலித்த விஷயம். முன்னே சொன்ன ஏ முதல் எஃப் மதிப்பெண் சுற்றுச்சூழல் ஆய்விலும் நுழைந்திருந்தது. புதுக் கட்டடத்தால் பக்கத்துச் சிக்னலில் கார்கள் சில விநாடி கூடுதலாக நின்றால் அது சுற்றுச்சூழல் கேடு. தீர்வாகச் சிக்னலை அகலமாக்க வேண்டும், அல்லது வீடுகளைக் குறைக்க வேண்டும். ஊருக்கு நடுவில், பஸ் வரும் இடத்தில் கட்டுகிறவன் மாட்டிக்கொள்வான், ஏனென்றால் அங்கே சிக்னல் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. நாற்பது மைல் தள்ளிப் பொட்டலில் கட்டுகிறவன் ஏ வாங்கிப் பாஸாகிவிடுவான். அவன் வாசல் சிக்னலில் கூட்டமே இல்லையே. அங்கே குடியேறுகிறவர் தினமும் எண்பது மைல் ஓட்டுவது எந்தக் கட்டத்திலும் வராது. என் மடக்கு நாற்காலிக் கணக்கும் இதே கணக்குதான்: ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, அந்த மூலையில் நின்ற காரை மட்டும் எண்ணியது. 2013-ல் மாநிலம் எஸ்பி 743 என்ற சட்டத்தால் அளவுகோலையே மாற்றச் சொன்னது. இனிமேல் சிக்னலில் நின்ற விநாடிகளைப் பார்க்காமல், ஒரு திட்டத்தால் மொத்தம் எத்தனை மைல் ஓட்டம் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். சான் ஹோசே 2018-லேயே மாறிக்கொண்டது. 2020 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் கட்டாயம். சட்டம் மாறி வருடங்கள் ஆகியும் கூட்டங்களில் நாம் பழைய அளவுகோலையே தூக்கிக்கொண்டு வருகிறோம்.

உங்கள் பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த ஐந்து மாடி வந்தால் நம் சிக்னலில் கார் கூடும். இடது பக்கம் திரும்ப ஒரு சுற்று கூடுதலாக நிற்க வேண்டி வரலாம். கட்டும் மாதங்களில் லாரியும் தூசியும் நிச்சயம். குடிவருகிறவர்கள் பஸ்ஸில் போவார்கள் என்று பிரசுரத்தில் படம் போடுவார்கள். லைட் ரயிலில் சான் ஹோசே நடுவூரைக் கடந்தவர்களுக்கு அந்தப் படத்தின் மதிப்பு தெரியும். பார்ட் ரயில் 2020-ல் பெரியெஸ்ஸா வரை வந்து நிற்கிறது. அதற்கு அப்பால் நகருக்குள் போகும் சுரங்கத்தின் மதிப்பீடு 1,200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, நம் பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் ஓடும் என்று தோன்றுகிறது. வீடு கட்டினால் 85 காலியாகிவிடும் என்றும் சொல்ல வரவில்லை. டவுன்ஸ் சொன்னது இதற்கும் பொருந்தும்: ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பார். நெரிசலை நிஜமாகவே குறைத்த ஊர்கள் உச்ச நேரத்துக்கு விலை வைத்த ஊர்கள். 2006-ல் ஸ்டாக்ஹோம் சோதனையாக வைத்தபோது எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 237-லும் 101-லும் நாம் முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டும் எக்ஸ்பிரஸ் லேன் அந்த மருந்தின் சிறு சொட்டு. முழு டோஸ் கொடுக்க இங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை, உங்களைப்போன்ற, என்னைப்போன்ற வாக்காளர்கள் இருக்கும்வரை.

ஆனாலும் இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் தெருமுனையில் இரண்டு மைல் ஓடி நிற்கும் கார் ஒன்று. இரண்டு கணவாய் தாண்டி, நம் ஃப்ரீவே முழுவதையும் தேய்த்துக்கொண்டு வரும் கார் இன்னொன்று. இரண்டையும் ஓட்டுவது ஒரே ஆள், நம் தம்பி வயதுள்ள யாரோ. எந்தக் காரை அவன் ஓட்ட வேண்டும் என்பதுதான் செவ்வாய்க்கிழமை முடிவாகப்போகிறது.

பள்ளி வாசல் விஷயத்தில் எனக்கு உங்களோடு முழு உடன்பாடு. அது நம் கையிலேயே இருக்கிறது. எட்டு மணிக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு கார் என்று போகிற வரிசையில் நாலு வீடு சேர்ந்து முறைபோட்டால் என் பழைய நோட்டுக் கணக்கில் பாதி அழிந்துவிடும். அதற்கு ஒரு குழு தொடங்கினால் திங்கட்கிழமைகளை நான் எடுத்துக்கொள்கிறேன். என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், பின் இருக்கை காலியாகத்தான் இருக்கிறது.

கூட்டம் இரவு ஏழு மணிக்கு. நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். பழைய நோட்டு இன்னும் இருக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன்; போன தடவை படிக்காமல் விட்ட பத்தியை இந்தத் தடவை படிப்பேன். எனக்குப் பிறகு நீங்கள் மைக்குக்கு வந்து மறுத்துப் பேசினால் வருத்தப்பட மாட்டேன், முடிந்ததும் சேர்ந்து காபி குடிக்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். ஃப்ரீவே வழியாக வருகிறவர்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை அது.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்